கிறிஸ்டியான் பிர்க்கெலாண்ட்

கிறிஸ்டியான் ஓலாஃப் பெர்ன்ஹார்ட் பிர்க்கெலாண்ட் (டிசம்பர் 13, 1867 – சூன் 15, 1917) நோர்வே நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். வடதுருவப் பகுதி வானில் குளிர்கால இரவுகளில் தோன்றும் துருவ ஒளி, சூரியனிலிருந்து வரும் மின்னேற்றம் பெற்ற துகள்களால் உண்டாகிறது என்று முதன்முதலில் ஆய்வகச் சோதனையின் துணையோடு விளக்கியவர் இவரே. துருவ ஒளி தோன்றும்போது விண்வெளியிலிருந்து புவியின் காந்தப்புலக் கோடுகள் வழியாக மிகப்பெரிய மின்னோட்டங்கள் இறங்கி வருகின்றன என்றும் இவர் கூறினார். இக்கூற்று இவர் இறந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே செயற்கைக்கோள் அளவீடுகளால் உறுதியாயிற்று. அம்மின்னோட்டங்கள் இன்று பிர்க்கெலாண்ட் மின்னோட்டங்கள் என்று அழைக்கப்படுகின்றன. காற்றிலுள்ள நைட்ரசனைக் கொண்டு உரம் தயாரிக்கும் பிர்க்கெலாண்ட்–எய்டே முறையை உருவாக்கிய இருவரில் ஒருவராகவும் இவர் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

பிர்க்கெலாண்ட் நோர்வேயின் தலைநகரான கிறிஸ்தியானியாவில் பிறந்தார். இந்நகரம் 1925ஆம் ஆண்டு முதல் ஒஸ்லோ என்று வழங்கப்படுகிறது. பள்ளிப் பருவத்திலேயே கணிதத்தில் நாட்டம் கொண்டிருந்த இவர், தமது முதலாவது அறிவியல் கட்டுரையைப் பதினெட்டு வயதில் எழுதினார். கிறிஸ்தியானியாவில் இருந்த அரச பிரெடரிக் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்த பின் 1893இல் வெளிநாடு சென்றார். பாரிசில் ஆன்றி புவான்காரேயிடமும், செருமனியின் பான் நகரில் ஐன்ரிக் ஹெர்ட்ஸின் ஆய்வகத்திலும், பின்னர் செனீவாவிலும் பயின்றார். மின்காந்த அலைகள் பற்றிய மாக்சுவெல்லின் சமன்பாடுகளுக்குப் பொதுத்தீர்வு ஒன்றை 1895இல் வெளியிட்டார். இவர் கணித இயற்பியலிலேயே நிலைத்திருப்பார் என்று அப்போது பலர் எண்ணியிருக்கக்கூடும்.

ஆனால் எதிர்மின்வாய்க் கதிர்கள் இவரது கவனத்தை ஈர்த்தன. காற்று பெரும்பாலும் அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றினுள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால், எதிர்மின்வாயிலிருந்து கதிர்கள் புறப்பட்டு எதிர்ச்சுவரில் ஒளியை உண்டாக்கும். குழாயின் அருகே காந்தம் ஒன்றைக் கொண்டுசென்றால் கதிர்கள் வளையும். காந்த முனையை நோக்கிக் குவியவும் செய்யும். இதைக் கண்ட பிர்க்கெலாண்ட், புவியும் ஒரு பெரிய காந்தம்தானே என்று சிந்தித்தார். சூரியனிலிருந்து இத்தகைய கதிர்கள் வருமானால் புவியின் காந்தப்புலம் அவற்றை இரு துருவங்களை நோக்கியும் திருப்பிவிடும். அங்கே அவை மேல் வளிமண்டலத்தில் மோதி ஒளியை உண்டாக்கும். இக்கருத்தை இவர் 1896இல் வெளியிட்டார். அக்கதிர்கள் எலக்ட்ரான்கள் என்னும் துகள்களால் ஆனவை என்பதை ஜே. ஜே. தாம்சன் மெய்ப்பித்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. பிர்க்கெலாண்ட் 1898இல், முப்பது வயதில், பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

துருவ ஒளி பற்றி அன்று அறியப்பட்டிருந்தவை

துருவ ஒளிக்கும் புவிக்காந்தத்திற்கும் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. சுவீடனின் உப்சாலா நகரில் 1741ஆம் ஆண்டிலேயே ஆந்திரசு செல்சியசும் ஓலோஃப் இயோர்ட்டரும், வானில் துருவ ஒளி தோன்றும்போது திசைகாட்டியின் முள் அலைவதைக் கண்டறிந்தனர். துருவ ஒளி வடதுருவத்தின் நேர் மேலே அன்றி, அதனைச் சுற்றி ஒரு வளையம் போன்ற பகுதியிலேயே அதிகம் காணப்படுகிறது என்பதும் 19ஆம் நூற்றாண்டில் தெரிந்துவிட்டது. நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க் மாவட்டம் அந்த வளையத்தின் அடியில் அமைந்துள்ளது. அதனாலேயே அங்குள்ள ஆல்ட்டா என்னும் ஊர்ப்பகுதி ஆய்வாளர்களை மீண்டும் மீண்டும் ஈர்த்தது. 1838–39இல் பிரெஞ்சு ஆய்வுக்குழு ஒன்று அங்கே குளிர்காலத்தைக் கழித்தது. துருவ ஒளியின் முதல் நிழற்படத்தை 1892இல் மார்ட்டின் பிரென்டல் என்ற செருமானியர் எடுத்ததும் அங்குதான்.

ஆயினும் அடிப்படையான ஒரு கேள்விக்கு விடை இல்லாதிருந்தது. துருவ ஒளி எவ்வளவு உயரத்தில் உண்டாகிறது? சிலர் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது என்றனர். வேறு சிலர் மலைகளின் நடுவே வரை இறங்கி வருவதாகக் கருதினர். மேகம் போலவோ மின்னல் போலவோ வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் உருவாகும் ஒன்றாயின், அதற்குச் சூரியனை நாட வேண்டிய தேவையே இல்லை. எனவே உயரத்தை அளப்பது பிர்க்கெலாண்டின் கோட்பாட்டுக்கு இன்றியமையாததாக இருந்தது.

ஹால்டே மலையில் குளிர்காலம்

துருவ ஒளியைக் காணத் தெளிந்த வானமும் இருளும் வேண்டும். கோடையில் பின்மார்க்கில் சூரியன் நள்ளிரவிலும் மறைவதில்லை. ஆகவே ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆல்ட்டா பகுதியில் நவம்பர் மாத இறுதியிலிருந்து சனவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. ஆய்வுக்கு ஏற்ற காலம் அதுவும் அதனை ஒட்டிய மாதங்களுமே. மேகமற்ற இரவுகளில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுவதால், துருவ ஒளியைக் காண மிக ஏற்ற இரவுகளே மிகக் குளிரான இரவுகளாகவும் அமைகின்றன.

நிலையான ஆய்வு நிலையம் அமைவதற்கு முன்பே, 1890களின் பிற்பகுதியில், பிர்க்கெலாண்ட் குளிர்காலத்தில் பின்மார்க் மலைகளுக்குச் சென்றார். அவரது குழு கடும் பனிப்புயலில் சிக்கியது. உடன் சென்ற இளம் மருத்துவ மாணவரான பியோர்ன் எலாந்து-ஆன்சென் உறைகுளிரால் கைவிரல்கள் பலவற்றை இழந்தார். அறுவை மருத்துவராகும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற்போனது. பின்னாளில் அவர் கடலியல் துறைக்கு மாறி, அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

இந்நிகழ்வுக்குப் பிறகும் பிர்க்கெலாண்ட் பின்வாங்கவில்லை. மாறாக, மலையுச்சியிலேயே கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அரசின் நிதியுதவியுடன் 1899இல் கோஃபியோர் என்னும் இடத்தருகே, ஹால்டே மலையின் மீது கடல் மட்டத்திலிருந்து 904 மீட்டர் உயரத்தில் கல்லால் ஆன ஆய்வகம் கட்டப்பட்டது. துருவ ஒளியை ஆராய்வதற்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதலாவது நிலையான ஆய்வகம் இதுவாகும். சில கிலோமீட்டர் தொலைவில் தால்விக் மலையுச்சியில் மற்றொரு சிறு நிலையம் அமைக்கப்பட்டது. இரண்டும் தொலைபேசிக் கம்பியால் இணைக்கப்பட்டன.

இரண்டு நிலையங்கள் ஏன் என்பதை எளிதில் புரிந்துகொள்ளலாம். முகத்துக்கு முன்னே ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடியும் பின்னர் மற்றதை மூடியும் பார்த்தால், பின்னணியை நோக்க விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரல் அருகில் இருந்தால் மாற்றம் அதிகம். தொலைவில் இருந்தால் குறைவு. இங்கே இரு மலையுச்சிகளும் இரு கண்கள், பின்னணி விண்மீன்கள். இரு நிலையங்களிலும் உள்ள நோக்கர்கள் தொலைபேசியில் பேசி, ஒளிப்பட்டையின் ஒரே புள்ளியை ஒரே நொடியில் நோக்கிக் கோணத்தைக் குறிக்க வேண்டும். அக்கோணங்களின் வேறுபாட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம்.

எழுத்தில் எளிதாகத் தோன்றும் இவ்வேலை மலையுச்சியில் எளிதாக இருக்கவில்லை. துருவ ஒளி பெரும்பாலும் வடக்குத் தொடுவானத்தருகே அசைவற்ற மங்கலான வில்லாகத் தொடங்குகிறது. மங்கிய நிலையில் கண்ணுக்கு அது நிறமற்ற வெண்முகில் போலவே தெரியும். நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் வில் திடீரென்று ஒளிர்ந்து, திரைச்சீலை போல மடிந்து, சில நிமிடங்களில் வானம் முழுவதும் சிதறிப் பரவும். பச்சை நிறமே மிகுதி. அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஆக்சிசன் அணுக்களிலிருந்து வருகிறது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அதே ஆக்சிசன் சிவப்பாக ஒளிர்கிறது. இப்படி நொடிக்கு நொடி உருமாறும் ஒளியில் எந்தப் புள்ளியை இருவரும் குறிவைப்பது? மேலும், நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒன்றைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்து நோக்கினால் கிடைக்கும் கோண வேறுபாடு ஓரிரு பாகைகளே. குளிரில் விறைத்த கைகளால் கருவியைத் திருப்பும்போது நேரும் பிழையும் ஏறக்குறைய அந்த அளவினதாக இருக்கக்கூடும். இரு நிலையங்களுக்கும் இடையிலான தொலைவு போதாது என்பது தெளிவாயிற்று. உயரத்தைத் துல்லியமாக அளக்கும் நோக்கம் நிறைவேறவில்லை.

1899–1900 குளிர்காலம் உயிரிழப்பிலும் முடிந்தது. குழுவின் இளம் உறுப்பினர் எலிசார் போயே பனிச்சரிவில் சிக்கி இறந்தார்.

நம்பத்தகுந்த உயர அளவீடுகள் இதற்குப் பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தன. பிர்க்கெலாண்டின் நண்பரும் கணிதவியலாளருமான கார்ல் ஸ்டோர்மர், மிகக் குறைந்த நேரத்தில் துருவ ஒளியைப் படம்பிடிக்கக்கூடிய ஒளிப்படக் கருவியை ஓலே ஆந்திரேயாசு குரோக்னெசுடன் சேர்ந்து உருவாக்கினார். 1910இல் ஆல்ட்டா பகுதியில் இரு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட படங்கள், துருவ ஒளியின் அடிப்பகுதி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதைக் காட்டின. கண்ணால் முடியாததை ஒளிப்படத்தகடு முடித்தது எனலாம். ஆனால் தொலைபேசியால் இணைந்த இரு நிலையங்கள் என்னும் முறை ஹால்டேயில் கையாளப்பட்டதே.

நான்கு நிலையங்களின் ஆய்வுப் பயணம்

ஹால்டேயின் உண்மையான பயன் காந்தமானிகளிலிருந்து வந்தது. காந்தமானியில் தொங்கும் சிறு காந்தத்துடன் ஒரு கண்ணாடி இணைக்கப்பட்டிருக்கும். அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி, சுழலும் ஒளிப்படத்தாளில் இரவும் பகலும் கோடு வரைந்துகொண்டே இருக்கும். வானம் மூடியிருந்தாலும் புயல் வீசினாலும் இக்கருவிக்குத் தடையில்லை. துருவ ஒளி தோன்றும் வேளையில் அக்கோடு துள்ளியது. எங்கோ மேலே மின்னோட்டம் பாய்கிறது என்பதே அதன் பொருள்.

ஓரிடத்து அளவீட்டால் மின்னோட்டத்தின் வடிவத்தை அறிய முடியாது. எனவே 1902–1903 குளிர்காலத்தில் பிர்க்கெலாண்ட் நான்கு நிலையங்களை ஒருங்கே இயக்கினார். நோர்வேயில் கோஃபியோர், ஐசுலாந்தில் தீராஃபியோர், இசுப்பிட்சுபெர்கன் தீவுக்கூட்டத்தில் ஆக்செல் தீவு, உருசியாவின் நோவயா செம்லியாவில் மத்தோச்கின் நீரிணை ஆகியவை அவை. ஆர்க்டிக்கைச் சுற்றி அமைந்த இந்நிலையங்களில் ஒரே வகைக் கருவிகள் பொருத்தப்பட்டன. உலகின் பிற பகுதிகளில் இருந்த காந்த ஆய்வகங்களின் பதிவுகளையும் அவர் கேட்டுப் பெற்றார்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்த்ததில், துருவப் பகுதிக்கே உரிய ஒருவகைக் குறுகிய காந்தப்புயலை அவர் இனங்கண்டார். அது தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். துருவ ஒளியின் திடீர் வெடிப்போடு சேர்ந்தே நிகழும். இன்று துணைப்புயல் எனப்படுவது இதுவே. இதை விளக்க அவர் முன்வைத்த படம் பின்வருமாறு: விண்வெளியிலிருந்து ஒரு மின்னோட்டம் காந்தப்புலக் கோட்டின் வழியே இறங்குகிறது, துருவ ஒளிப் பட்டையின் நெடுகே கிடையாகப் பாய்கிறது, பின்னர் வேறோரிடத்தில் மீண்டும் மேலெழுந்து விண்வெளிக்குத் திரும்புகிறது. அதன் அளவு பத்து இலட்சம் ஆம்பியர் வரை செல்லக்கூடும் என்றும் அவர் மதிப்பிட்டார். இவ்வாய்வின் முடிவுகள் 1902–1903 நோர்வே துருவ ஒளி ஆய்வுப் பயணம் என்ற தலைப்பில் 1908இலும் 1913இலும் இரு பகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன.

ஆய்வகத்தில் ஒரு சிறு பூமி

மலையில் கண்டதை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்கவும் பிர்க்கெலாண்ட் முயன்றார். உள்ளே மின்காந்தம் வைத்த ஓர் உலோகக் கோளத்தை அவர் செய்தார். தெரெல்லா எனப்படும் இதற்குச் சிறு பூமி என்று பொருள்; காந்தம் பற்றி 1600இல் நூல் எழுதிய வில்லியம் கில்பர்ட் பயன்படுத்திய சொல் இது. கோளத்தின் மேல் ஒளிரும் பூச்சு ஒன்று பூசப்பட்டு, அது கண்ணாடி வெற்றிடக் கலத்தினுள் தொங்கவிடப்பட்டது. ஒரு பக்கத்தில் சூரியனுக்குப் பதிலாக எதிர்மின்வாய் இருந்தது.

மின்காந்தம் இயங்காதபோது கதிர்கள் கோளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டன. மின்காந்தத்தை இயக்கியதும் அவை விலகி, இரு காந்த முனைகளையும் சுற்றி இரண்டு ஒளி வளையங்களாக அமைந்தன. முனையின் உச்சியில் அல்லாமல் அதனைச் சுற்றியே ஒளி விழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இயற்கையிலும் துருவ ஒளி அவ்வாறே உள்ளது. இச்சோதனையைக் கண்ட ஸ்டோர்மர், காந்தப்புலத்தில் மின்துகள் செல்லும் பாதையைக் கணக்கிடும் பணியில் இறங்கினார். கணினி இல்லாத அக்காலத்தில் அவரும் உதவியாளர்களும் பல்லாயிரம் மணி நேரம் கையால் கணக்கிட்டனர். நிரல் எழுதப் பயிலும் மாணவர் இன்று ஒரு மாலைப் பொழுதில் அப்பாதைகளை வரைந்துவிடலாம் என்றாலும், எந்தச் சமன்பாட்டைத் தீர்ப்பது என்பதை முதலில் கண்டவர் ஸ்டோர்மரே.

வெற்றிடக் கலங்கள் ஆண்டுதோறும் பெரிதாகிக்கொண்டே சென்றன. 1913 அளவில் பயன்பட்ட மிகப்பெரிய கலம் ஏறக்குறைய 1,000 லிட்டர் கொள்ளளவு உடையது. சனிக்கோளின் வளையங்கள், சூரியப் புள்ளிகள், வால்வெள்ளிகள் ஆகியவற்றையும் இதே கருவியால் விளக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். அவ்விளக்கங்களில் பல பின்னர் நிலைக்கவில்லை. ஒரு சோதனையின் வெற்றியை மிகத் தொலைவு வரை நீட்டிப் பார்க்கும் இயல்பு அவரிடம் இருந்தது.

பீரங்கியும் உரமும்

மலையுச்சி ஆய்வகங்களுக்கும் ஆர்க்டிக் பயணங்களுக்கும் ஆகும் செலவு பல்கலைக்கழகத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. பணம் ஈட்டும் நோக்கில் பிர்க்கெலாண்ட் கண்டுபிடிப்புகளில் இறங்கினார். வெடிமருந்து இன்றி, கம்பிச்சுருள்களின் காந்தவிசையால் குண்டை எறியும் மின்காந்தப் பீரங்கிக்கு 1901இல் காப்புரிமை பெற்று, ஒரு நிறுவனமும் தொடங்கினார். 1903இல் பல்கலைக்கழக மண்டபத்தில் அழைக்கப்பட்ட விருந்தினர் முன்னிலையில் பீரங்கி இயக்கிக் காட்டப்பட்டது. மின்சுற்றுக் குலைந்து, பேரொலியுடன் மின்பொறி வெடித்துத் தீச்சுடர் எழுந்தது. பீரங்கித் தொழில் அத்துடன் முடிந்தது.

அதே காலத்தில் அரசியல்வாதியும் பின்னாளில் நோர்வேயின் பிரதமருமான குன்னார் நூட்சென் அளித்த விருந்தொன்றில் பிர்க்கெலாண்ட், சாம் எய்டே என்னும் பொறியாளரைச் சந்தித்தார். எய்டே நீர்வீழ்ச்சிகளின் உரிமைகளை வாங்கி வைத்திருந்தார்; அவற்றின் மின்னாற்றலைப் பயன்படுத்த ஒரு தொழிலைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று உலகின் பயிர்த்தொழில் சிலி நாட்டு வெடியுப்பை உரமாக நம்பியிருந்தது; அது தீர்ந்துவிடும் என்று வில்லியம் குரூக்சு 1898இல் எச்சரித்திருந்தார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரசன். மின்னல் போன்ற மிக வலிய மின்பொறி இருந்தால் அதனை ஆக்சிசனுடன் சேர்க்கலாம். பீரங்கியைக் கெடுத்த அதே மின்பொறி இங்கே தேவைப்பட்டது.

பிர்க்கெலாண்ட் மின்வில்லை ஒரு காந்தப்புலத்தினுள் வைத்தார். காந்தவிசை அதை இருபுறமும் விரித்துத் தட்டையான நெருப்பு வட்டாக மாற்றியது. 3,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட அவ்வெப்பத்தின் வழியே காற்றைச் செலுத்தினால் நைட்ரசன் ஆக்சைடு உண்டாகும். அதிலிருந்து நைட்ரிக் அமிலமும், சுண்ணாம்புக்கல்லுடன் வினைபுரியச் செய்து கால்சியம் நைட்ரேட்டு உரமும் கிடைக்கும். நூட்டொடன் என்ற ஊரில் ஆலை எழுந்தது. 1905 டிசம்பரில் நோர்சுக் ஐதரோ நிறுவனம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனி நாடானது. புதிய நாட்டின் முதன்மைத் தொழில்களுள் ஒன்றாக இது வளர்ந்தது. ஒரு டன் நைட்ரிக் அமிலத்திற்கு ஏறத்தாழ 15,000 கிலோவாட் மணி மின்சாரம் தேவைப்பட்டதால், மின்சாரம் மலிவாகக் கிடைத்த நாடுகளுக்கே இம்முறை பொருந்தியது. செருமனியின் ஹாபர்–பாசு முறை பின்னர் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இத்தொழிலால் பிர்க்கெலாண்டுக்குக் கிடைத்த பணம் மீண்டும் வெற்றிடக் கலங்களுக்கும் துருவ ஒளி ஆய்வுக்கும் சென்றது. நோபல் பரிசுக்கு வேதியியலிலும் இயற்பியலிலுமாக ஏழு முறை இவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

எகிப்தும் இறுதிக் காலமும்

பிர்க்கெலாண்ட் 1905 மே மாதத்தில் ஈடா சார்லட் ஆம்மர் என்பவரை மணந்தார். பிள்ளைகள் இல்லை. எப்போதும் வேலையிலேயே மூழ்கியிருந்த இவரது வாழ்வில் மணவாழ்க்கைக்கு இடமிருக்கவில்லை. 1911இல் இருவரும் மணமுறிவு செய்துகொண்டனர்.

சூரியன் மறைந்த பின்னரோ எழுவதற்கு முன்னரோ தொடுவானத்திலிருந்து மங்கலான கூம்பு வடிவ ஒளி ஒன்று எழுவதுண்டு. அதுவும் சூரியனின் மின்கதிர்களால் உண்டாவதே என்று பிர்க்கெலாண்ட் கருதினார். அதை ஆராய்வதற்காக 1913இல் எகிப்து சென்று கெய்ரோவுக்கு அருகே தங்கினார். அவ்வொளி கோள்களுக்கு இடையிலுள்ள தூசியில் சிதறும் சூரிய ஒளி என்பது இன்று அறியப்பட்டுள்ளது. அங்கே இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. நீண்டகாலமாகத் தூக்கமின்மையால் அவதிப்பட்ட இவர் வெரோனால் என்ற உறக்க மருந்துக்கும் மதுவுக்கும் அடிமைப்பட்டிருந்தார். தாம் வேவு பார்க்கப்படுவதாகவும் அஞ்சினார்.

1917இல் நோர்வேக்குத் திரும்ப முனைந்தபோது, ஐரோப்பா வழியே செல்வது போரினால் இடர் நிறைந்ததாக இருந்தது. எனவே கிழக்கே கப்பலேறிச் சப்பானை அடைந்தார். தோக்கியோவின் உயெனோ பகுதியில் செய்யோக்கென் என்னும் விடுதியில் தங்கியிருந்தபோது, சூன் 15 அன்று அறையில் இறந்து கிடந்தார். மருத்துவர் குறித்திருந்த அளவு அரை கிராம். இவரோ பத்து கிராம் வெரோனால் உட்கொண்டிருந்தது தெரியவந்தது. அது தற்செயலா அன்றா என்பது தீர்க்கப்படாத கேள்வியாகவே உள்ளது. அப்போது இவருக்கு வயது 49.

மறுப்பும் ஏற்பும்

பிர்க்கெலாண்டின் கோட்பாட்டில் உண்மையான குறை ஒன்று இருந்தது. சூரியனிலிருந்து எலக்ட்ரான்கள் மட்டுமே வருமானால், அவை ஒன்றையொன்று விலக்கிப் புவியை அடையும் முன்பே சிதறிவிடும் என்று ஆர்தர் சூசுட்டர் 1911இல் எடுத்துக்காட்டினார். இதை எண்ணிப் பார்த்த பிர்க்கெலாண்ட், சூரியனிலிருந்து எதிர்மின்னேற்றமும் நேர்மின்னேற்றமும் கொண்ட துகள்கள் சேர்ந்தே வருகின்றன என்று 1916இல் எழுதினார். சூரியக்காற்று என்று இன்று நாம் அறிவது இதுவேயாகும். 1959இல் சோவியத்து விண்கலங்களும், 1962இல் அமெரிக்காவின் மரைனர் 2 கலமும் அதனை நேரில் அளந்தன.

விண்வெளியிலிருந்து இறங்கும் மின்னோட்டங்கள் பற்றிய பூசல் இன்னும் நீண்டது. புவிக்காந்தவியலில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த பிரித்தானியக் கணிதவியலாளர் சிட்னி சாப்மன், மின்னோட்டங்கள் அனைத்தும் வளிமண்டலத்தின் மேலடுக்கிலேயே சுற்றி முடிகின்றன என்றார். சாப்மனின் கணிதம் நேர்த்தியானது. பெரும்பாலோர் அதையே ஏற்றனர். சுவீடனின் அனசு ஆல்வேன் 1939 முதல் பிர்க்கெலாண்டின் பக்கம் நின்றபோதும் கருத்து மாறவில்லை. இதில் எவரையும் எளிதில் குறை கூற இயலாது. தரையில் வைத்த காந்தமானிகள் எத்தனை இருந்தாலும், மேலிருந்து இறங்கும் மின்னோட்டத்தையும் மேலடுக்கிலேயே சுற்றும் மின்னோட்டத்தையும் அவற்றின் பதிவுகளைக் கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது. இரண்டும் தரையில் ஒரே விளைவைத் தரக்கூடும். விடை காண மேலே செல்வது தவிர வேறு வழி இருக்கவில்லை.

1963இல் ஏவப்பட்ட அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் ஒன்று ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவந்தது. அதிலிருந்த காந்தமானி செயற்கைக்கோள் எத்திசையில் நிற்கிறது என்பதை அறியவே பொருத்தப்பட்டது. துருவ ஒளிக்காக அன்று. ஒவ்வொரு முறை துருவ ஒளி வளையத்தைக் கடக்கும்போதும் அது காந்தப்புலத்தில் குலைவைப் பதிவு செய்தது. ஆல்பிரட் சுமுடாவும் உடன் பணியாற்றியோரும் இதை 1966இல் வெளியிட்டனர். அக்குலைவுகள் காந்தப்புலக் கோடுகள் வழியே பாயும் மின்னோட்டங்களால் உண்டானவை என்று 1967இல் கம்மிங்சும் டெசுலரும் விளக்கினர். 1970களில் திரையட் செயற்கைக்கோளின் அளவீடுகள் இரு துருவங்களையும் சுற்றி அம்மின்னோட்டங்கள் அமைந்துள்ள முறையை வரைபடமாகவே தந்தன. புயல் வேளைகளில் அவற்றின் மொத்த அளவு பத்து இலட்சம் ஆம்பியரையும் கடக்கிறது.

எனினும் பிர்க்கெலாண்ட் எண்ணியது போலச் சூரியத் துகள்கள் நேராகவே துருவங்களில் வந்து விழுவதில்லை. சூரியக்காற்றின் ஆற்றல் முதலில் புவியின் இரவுப்பக்கத்தில் வால் போல நீண்டுள்ள காந்தப்புலத்தில் சேமிக்கப்படுகிறது. அது திடீரென்று விடுபடும்போதே எலக்ட்ரான்கள் முடுக்கம் பெற்றுக் காந்தப்புலக் கோடுகள் வழியே கீழிறங்குகின்றன. நள்ளிரவை ஒட்டித் துருவ ஒளி வெடித்துப் பரவுவதற்கு இதுவே காரணம்.

நினைவுகள்

ஹால்டே ஆய்வகம் 1912 முதல் குரோக்னெசின் தலைமையில் ஆண்டு முழுதும் இயங்கியது. ஆய்வாளர்களின் குடும்பங்களும் குழந்தைகளும் அம்மலையுச்சியிலேயே வாழ்ந்தனர். 1926இல் அது மூடப்பட்டு, பணிகள் துரோம்சோ நகருக்கு மாறின. இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல் பின்வாங்கிய செருமானியப் படையினர் கட்டடங்களுக்குத் தீயிட்டனர். 1980களில் அவை சீரமைக்கப்பட்டன. மலையேறிச் செல்வோர் இன்று அவற்றைக் காணலாம்.

1994இல் வெளியான நோர்வேயின் 200 குரோனர் தாளில் பிர்க்கெலாண்டின் உருவமும் துருவ ஒளியும் இடம்பெற்றன. அத்தாள் 2018இல் செல்லாததாக்கப்பட்டது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள பள்ளம் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இவரது வாழ்க்கையை லூசி ஜாகோ எழுதிய நூல் 2001இல் வெளிவந்தது. இவர் பயன்படுத்திய பெரிய வெற்றிடக் கலமும் தெரெல்லாவும் 1990களில் துரோம்சோவில் பழுதுபார்க்கப்பட்டன. மின்சாரம் செலுத்தப்பட்டதும் கோளத்தின் இரு முனைகளையும் சுற்றி ஒளி வளையங்கள் மீண்டும் தோன்றின.